கோர்ட்டுக்கு அசையாத கொடிமேடை

ஆளும் கட்சியை எதிர்த்து வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நின்றிருக்கிறேன். நின்றேன் என்பதுகூடக் கொஞ்சம் பெருமை பீற்றல்தான். கால் நடுங்கியதில் ஓட முடியவில்லை, அதனால் நின்றேன்.

செஞ்சியில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் நின்று ஆள் ஏற்றுகிற இடத்தில் எனக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. கடை ரோட்டைவிடத் தாழ்வு. கோட்டை மலைப் பக்கம் மழை பிடித்தால் தண்ணீர் எல்லாம் எங்கள் ரோட்டுக்குத்தான் இறங்கி வரும். அதை வாங்கிக்கொண்டு போக கடை வாசலில் ஒரு கால்வாய் இருந்தது. மச்சினன் மகளுக்குக் காது குத்து என்று தொண்டூர் போயிருந்தேன். போன இடத்தில் கறிச்சோறு நன்றாக இருந்ததால் ஒரு நாள் கூடத் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கால்வாயைக் காணோம். அது இருந்த இடத்தில் ஜல்லி கொட்டி, காங்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, படி வைத்த கொடிமேடை. நடுவில் கம்பம், உச்சியில் ஆளும் கட்சிக் கொடி.

அந்த ஐப்பசியில் பெய்த மழை, போக வழியில்லாமல் நேராக என் கடைக்குள் வந்தது. கீழே வரிசையாக வைத்திருந்த கிரைண்டர்கள் எல்லாம் முழுகிவிட்டன. என் கிரைண்டராக இருந்தால் பரவாயில்லை, எல்லாம் அடுத்தவர் வீட்டுப் பொருள். சீதனமாக வந்ததைக் கொடுத்திருந்த ஒரு பெண் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மோட்டார்களை எல்லாம் பிரித்து, காய வைத்து, திரும்பச் சுற்றிக் கொடுப்பதற்குள் தை மாதம் வந்துவிட்டது. இன்னொரு ஐப்பசி இப்படிப் போனால் எவரும் என்னை நம்பி ஒரு மிக்ஸி ஜாரைக்கூடத் தரமாட்டார்கள், கடையை மூட வேண்டியதுதான் என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னது சரி.

கட்சியின் நகரச் செயலாளர் என்னைவிட வயதில் சின்னவர். பதவி வருவதற்கு முன்னால் தம்பி என்று கூப்பிடுவேன். பதவி வந்த மறுநாள் என் வாயில் தானாகவே தலைவரே என்று வந்துவிட்டது. கால்வாயைப் பற்றி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வந்து, “இன்னாண்ணே?” என்றார். வீட்டில் மிக்ஸி நல்லா ஓடுதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் பொது இடத்தில் இருக்கிற கொடிக்கம்பங்களை எல்லாம் எடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டதாக டிவியில் வந்தது. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மனைவி பக்கத்தில் இருந்ததால் அதை வெளியே சொல்லவில்லை.

ஜேசிபி வந்தது. நான் கடைவாசலில் ஸ்டூல் போட்டு, சினிமா பார்க்கிற மாதிரி உட்கார்ந்தேன். எதிர்க்கட்சிக் கம்பம் போயிற்று. அதற்குப் பக்கத்துக் கட்சி போயிற்று. சாதிச் சங்கம், ரசிகர் மன்றம் எல்லாம் வேரோடு வந்தன. என் கடைக்கு முன்னால் வந்ததும் ஜேசிபி மெதுவாயிற்று. டிரைவர் மேடையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். பிறகு சல்யூட் அடிக்கிற மாதிரி கையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வண்டி தாண்டிப் போய்விட்டது. நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எதிரே டீக்கடை. அங்கே ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் பேப்பரோடு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் சில்லறை கேட்ட குரலிலேயே இன்றைக்கும் நாட்டைக் கேள்வி கேட்கிறவர். அவர் மருமகனை ஹெல்மெட் இல்லை என்று கூட்டு ரோட்டில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஆளும் கட்சி பைக் ஊர்வலம் வந்திருக்கிறது, ஒருத்தர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. பிடித்த போலீஸ்காரரே மருமகனை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர்களுக்கு வழி விட்டாராம். “அவங்க தலையில துண்டு கட்டி இருந்தாங்களா இல்லையா? அது போதும்” என்றார் டீ மாஸ்டர். கண்டக்டர் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் அவர் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டவர். முன்னாடி இருந்தவன் சட்டத்தை மதிக்கவில்லை என்றுதானே இவர்களைக் கொண்டுவந்தோம் என்று பேப்பரைத் தட்டித் தட்டிச் சொல்வார். பேப்பர் கிழிந்ததுதான் மிச்சம்.

ஊரில் முணுமுணுப்பு கிளம்பியதும் நகரச் செயலாளர் ஸ்பேனரோடு ஆட்களைக் கூட்டி வந்து கம்பத்தைக் கழற்றினார். அடிக்குழாய் மட்டும் முழ நீளத்துக்கு நின்றது. பொதுக்கூட்டத்தில் மிஞ்சிய மஞ்சள் துணியை மேடை முழுக்கப் போர்த்தி, குழாயின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டினார். மேடையை எடுக்கவில்லையா என்று கண்டக்டர் கேட்டதற்கு அவர் பொறுமையாக விளக்கம் சொன்னார்.

“கோர்ட்டு கம்பத்ததான் எடுக்கச் சொல்லிச்சி. கம்பம் எங்க இருக்குது, காட்டு. எலக்சன் வந்தா சிலைய துணி போட்டு மூடறாங்க இல்ல? மூடிட்டா அது சட்டத்துக்குக் கண்ணு தெரியாது பெரியவரே.”

நான் கடைக்குள் ஒரு மிக்ஸியை மூன்றாம் ஸ்பீடில் ஓட விட்டுக்கொண்டேன். சிரித்தால் சத்தம் வெளியே கேட்கக் கூடாது பாருங்கள்.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஜனம் அலைமோதும் நாள். அந்தக் கோயிலில் அம்மன் புற்றில் இருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் சேலை கட்டி, கையில் எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்களுக்கு, என் கடை வாசலில் மஞ்சள் துணி போர்த்திக்கொண்டு, அடி பருத்து, நுனி கூம்பி நின்ற உருவம் எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

“இது இன்னா சாமிங்க?”

கட்சிக்காரப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே பைக்கில் சாய்ந்திருந்தார்கள். கொடிமேடை என்று சொன்னால், மூடி வைத்ததைக் காட்டிக் கொடுத்தான் என்று ஆகும். சாமி என்று சொன்னால் பொய். எனக்கு பயம் வந்தால் மூளை முதலில் கடையைச் சாத்திவிடும், வாய் மட்டும் திறந்திருக்கும். அந்த வாய் சொன்னது:

“சக்தி உள்ளதும்மா. கோர்ட்டே எடுக்கச் சொல்லியும் அசையல. ஜேசிபி வந்து பாத்துட்டு அப்படியே தாண்டிப் போயிடுச்சி.”

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் ஏற்றினாள். பின்னால் நின்றவள் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஜேசிபி கதை வரிசையில் பின்பக்கம் போய்ச் சேருவதற்குள், வண்டியின் கை உடைந்துவிட்டது, டிரைவருக்குக் காய்ச்சல் என்று வளர்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் மேடைக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை, எலுமிச்சை மாலை எல்லாம் வந்துவிட்டன. பூக்காரி ஒருத்தி கூடையை இறக்கிக் கடையே போட்டுவிட்டாள். கயிறு கட்டிய கழுத்தில் யாரோ தாலிச்சரடு வேறு கட்டியிருந்தார்கள். சாப்பாடு கொண்டு வந்த என் மனைவி, அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வை தெரியும்.

“உன் வேலையா?”

நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்காளம்மன் பெயரில் விளையாடினால் உனக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கே ஆகாது என்று அவள் கேரியரை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் வடையும் டீயும்தான் சாப்பிட்டேன்.

நகரச் செயலாளர் மறுநாள் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, கிரைண்டர் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். என்னைப் போன்ற உடம்பை ஒரு கிரைண்டர் கல் மறைக்காது. அவர் குனிந்து பார்த்து என்னை வெளியே கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“நீ பெரிய மூளைக்காரன்ணே. நாங்க துணி போட்டு மூடினோம், நீ சாமியாவே ஆக்கிட்ட. இனிமே இதுல எவன் கைய வெப்பான்? அடுத்த அமாவாசைக்கு ஷெட்டு போட்டுடலாம். உன் கடை செவுரு வரைக்கும் இழுத்துடலாம். நீதான் முன்ன நின்னு பாத்துக்கணும்.”

ஆகட்டும் தலைவரே என்றேன். வேறு என்ன சொல்வது? மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கால்வாயை அடைத்த மேடை, போகட்டும், ஒரு நாள் போகும் என்று இருந்தேன். இப்போது அது கோயில். கோயிலை எவன் இடிப்பான்? என் கடைக்கு நானே, என் வாயாலேயே, சமாதி கட்டியிருந்தேன். மொட்டைக் கடுதாசி எழுதலாமா என்று யோசித்தேன். யோசித்ததற்கே வேர்த்துவிட்டது. கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்க்கிற மாதிரி பார்த்து, டீயைக் குடித்தார்.

அடுத்த அமாவாசை காலை. ஷெட்டுக்குக் கால் நடும் பூஜை. பம்பை, உடுக்கை அடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். மேல்மலையனூர் போகிற கூட்டம் பஸ்ஸை விட்டுவிட்டு இங்கேயே நின்றது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வேறு. என் கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்து முன்னால் நிறுத்தினார்கள். நகரச் செயலாளர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மைக்கில், இந்தச் சாமியை முதன்முதலில் ஊருக்குச் சொன்னவர் இந்தக் கடைக்கார அண்ணன்தான் என்று அறிவித்தார். ஜனம் என்னைக் கும்பிட்டது. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார்.

அவர் சும்மாதான் பார்த்தார். ஆனால் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாளைக்குக் கோர்ட்டில், பொது இடத்தை அடைத்துக் கோயில் கட்டியது யார் என்று கேட்டால் நகரச் செயலாளரை யாரும் காட்டமாட்டார்கள். ஊரே சேர்ந்து என்னைத்தான் காட்டும். மைக்கில் சொன்னதற்கு ஒரு பஸ் ஸ்டாண்டு ஜனமே சாட்சி. முட்டியில் நடுக்கம் ஆரம்பித்தது. அங்கிருந்து இடுப்புக்கு ஏறி, கைக்கு வந்து, தட்டில் இருந்த தேங்காய் தடதடவென்று ஆடத் தொடங்கியது.

பம்பைக்காரருக்கு இது தொழில். ஒரு உடம்பு ஆடினால் அதை விடக் கூடாது, அடியை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் பழகிய முறை. அவர் என் பக்கம் நெருங்கி வந்து வேகத்தைக் கூட்டினார். அந்தச் சத்தத்தில் என் நெஞ்சும் சேர்ந்து அடித்தது. நடுக்கம் இரண்டு மடங்காயிற்று. யாரோ ஒரு பெண், “சாமி வந்துடுச்சி” என்று குலவை போட்டாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு வேப்பிலைக் கொத்தைக் கையில் திணித்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, சுகர் இருக்கிறது, காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லப் பார்த்தேன். பல் ஒன்றோடொன்று மோதியதில் ஒரு வார்த்தையும் உருப்படியாக வரவில்லை. அதுவும் சாமியின் பாஷை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பம்பை நின்றது. நகரச் செயலாளர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் கைகூப்பி நின்றார். அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். நிஜமாகவே பயந்திருந்தார். பயந்தவன் முகம் எனக்குத் தெரியாதா, தினமும் கண்ணாடியில் பார்க்கிறேனே.

“தாயே, இன்னா கொற வெச்சோம்? வாயத் தொறந்து சொல்லு.”

“தண்ணி...” என்றேன். நாக்கு வறண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். அந்தக் குளிரில் என்னையும் மீறிக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் தலையிலிருந்து இறங்கி, போக இடமில்லாமல், என் கடை வாசலுக்குள் போவதைப் பார்த்தேன்.

“அது இல்லடா. தண்ணி போற வழிய அடைச்சி என்ன உக்கார வெச்சிட்டியேடா. எடுடா இத. மழைக்கு முன்ன எடுடா.”

தலைவரே தலைவரே என்று இத்தனை நாள் கூழைக் கும்பிடு போட்ட வாய் அது. அந்த ‘டா’ அவ்வளவு ருசியாக இருந்தது. இன்னொரு முறை எடுடா என்றேன், தேவையே இல்லாமல்.

“எடுத்துடறோம் தாயே” என்றார் அவர். கோர்ட் சொல்லி, டிவி சொல்லி, ஊர் முணுமுணுத்து அசையாத மனிதர், ஒரு மிக்ஸி ரிப்பேர்காரன் பல் கிட்டிப் பேசியதற்குச் சம்மதித்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்திலிருந்து கண்டக்டர் குரல் வந்தது. கால்வாயை அந்தக் கோடி வரை தூர் வார வேண்டுமா தாயே என்று பணிவாகக் கேட்டார். அந்த மனிதர் கோயில் வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை. வாரணும் என்றேன். உடனே பூக்காரி, ஸ்கூல் திருப்பத்தில் எதிரே வருகிற வண்டி தெரியாமல் பேனர் கட்டியிருக்கிறார்களே தாயே என்றாள். அதையும் எடு என்றேன். யாரோ கட்சிக் கூட்டத்துக்குத் தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு கரண்ட் இழுப்பதைச் சொன்னார்கள். யாரோ ஏரி மண்ணைத் திருடுகிற லாரியைச் சொன்னார்கள். நகரச் செயலாளர் முகத்துக்கு நேரே ஒரு நாளும் வாய் திறக்காத ஜனம், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரிசை கட்டி என்னிடம் முறையிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவரும் ஆகட்டும் தாயே, ஆகட்டும் தாயே என்று குனிந்துகொண்டே வந்தார். அப்போது பின்வரிசையில் ஒரு கிழவர் சாவகாசமாகச் சொன்னார்:

“தலைவர் வூட்டு மாடிப்படி ரோட்டு மேல இருக்குது தாயே. வண்டி திரும்ப முடியல.”

நகரச் செயலாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பக்தி கொஞ்சம் குறைந்திருந்தது. எனக்குப் பழைய பயம் முழுசாகத் திரும்ப வந்து, உடம்பு தூக்கிப் போட்டது. பம்பைக்காரர் சும்மா இருப்பாரா, பிளந்துகட்டினார். நான் மயங்கி விழுந்தேன். அது நிஜ மயக்கமா, நடிப்பா என்று மனைவி கேட்கிறாள். எனக்கே தெரியாது. விழும்போது கிரைண்டர் மேல் விழாமல் பார்த்து விழுந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. அதே டிரைவர். செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டிக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி, பிறகு மேடையைப் பெயர்த்தார். நகரச் செயலாளர் முழு நேரமும் கைகூப்பி நின்றார். கால்வாயைத் தூர் வாரினார்கள். ஸ்கூல் திருப்பத்து பேனரும் போயிற்று. என் மனைவி என்னை மேல்மலையனூருக்கு இழுத்துக்கொண்டு போய், புற்றுக்கு முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்தாள். மனசாரத்தான் கேட்டேன். இருந்தாலும், தாயே, நீ மட்டும்தான் அவர்கள் பயப்படுகிற ஆள், நான் வேறு எங்கே போவேன் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழை வந்தது. நாள் பூராவும் கொட்டியது. தண்ணீர் கடை வாசலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கால்வாயில் இறங்கிப் போயிற்று. கிரைண்டர்கள் எல்லாம் காய்ந்த தரையில் இருந்தன. டீக்கடையில் நான் எல்லாருக்கும் டீ சொன்னேன். கண்டக்டர் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் தொங்கிப்போயிருந்தது.

“ஓட்டுப் போட்டு கேட்டோம், நடக்கல. கோர்ட்டு சொல்லிச்சி, நடக்கல. நீ நடுங்கினா நடக்குது. இது இன்னாய்யா ஊரு?”

அவர் வேண்டாம் என்ற டீயையும் நானே குடித்துவிட்டு, மழை விட்டதும் கடைக்குப் போனேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் நகரச் செயலாளர் தனியாகக் கடைக்கு வந்தார். ஷட்டரை அவரே பாதி இறக்கினார். செருப்பைக் கழற்றினார். மிக்ஸி ஜார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அண்ணே என்று ஆரம்பித்து, இல்லை தாயே என்று மாற்றிக்கொண்டார்.

“அந்த மாடிப்படிய எடுத்தே ஆவணுமா? வேற எதனா பரிகாரம் சொல்லேன். ஆடு வேணும்னாலும் வெட்டிடறேன்.”

படியை எடுத்துவிடு தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவர் பின்பக்கம் ஷட்டர் இறங்கியிருந்ததைப் பார்த்தேன், வார்த்தை வந்த வழியே போய்விட்டது. இதெல்லாம் கடைக்குள் கேட்கிற விஷயமில்லை, அமாவாசையன்று நாலு பேர் முன்னால் கேட்டால்தான் ஆத்தா வாய் திறப்பாள் என்று தள்ளிவிட்டேன். அவர் நம்பிக்கையோடு எழுந்து போனார்.

அமாவாசையன்று நான் ஊரில் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்து, மச்சினன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியும்விட்டேன். மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். டீக்கடையிலிருந்து கண்டக்டர் ரோட்டைத் தாண்டி வந்தார். எப்படித்தான் தெரிந்ததோ.

“எங்கயும் போயிடாத. பம்பைக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்” என்றார். “தெருவுக்கு ஒருத்தர்னு கேக்க வராங்க. மாடிப்படிதான் மொத கேள்வி.”

என் மனைவி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்த வேட்டியை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடியில் காயப் போட்டாள்.